குரூப் போட்டோ! எல்லாரும் கீழே வாங்க!

செல்போனிலேயே எல்லோரும் படம் எடுக்கிற பழக்கம் வராத காலம் அது. எனக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சொந்த ஊர் சித்தூரை ஒட்டி, கங்காதர நெல்லூரைத் தாண்டி ஒரு கிராமம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் பஸ் ஏறி ஊருக்கு ஓடி வந்துவிடுவேன். அப்படி வந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சித்தூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நடந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் என் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் கையில் நின்றதும் மற்ற பெண்கள் வளையல் வாங்கினார்கள். நான் ஒரு பெரிய கேமராவும் அதற்கு ஒரு முக்காலியும் வாங்கினேன். மனிதர்களை எடுக்க மாட்டேன். கட்டடங்கள்தான்! சித்தூர் கோர்ட்டு, மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் புகைபோக்கி, திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலைச் சுற்றியிருக்கும் பழைய சத்திரங்கள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

அதிலும் சாதாரணமாக எடுக்க மாட்டேன். ஹெச்.டி.ஆர். என்று ஒரு முறை இருக்கிறது. வெயிலில் ஒரு கட்டடத்தைப் பார்த்தால் நம் கண்ணுக்கு வானமும் தெரியும், தாழ்வாரத்துக்குள் இருக்கும் இருட்டும் தெரியும். கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வானம் சரியாக வந்தால் தாழ்வாரம் கறுத்துப் போகும், தாழ்வாரம் தெரிந்தால் வானம் வெளுத்துப் போகும். அதனால் ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தி, நடுத்தரமாக ஒன்று, இருட்டாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று மூன்று படம் வரிசையாக எடுக்க வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டரில் மூன்றையும் ஒன்றாக இழைத்தால், நிழலுக்குள் இருப்பதுகூட வெளியே வந்து நிற்கும். கடைசியில் நான் கலரையும் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவேன். எங்கள் பக்கத்தில் ரோஸ், பச்சை, ஊதா என்று அடித்துத் தள்ளியிருப்பார்களே, அந்தப் பவுடரை எல்லாம் கழுவினால்தான் கட்டடத்தின் நிஜ முகம் தெரியும்.

இந்தப் பைத்தியத்துக்குத் துணை என் அப்பா, அதாவது நைனா. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மொபெட்டில் முன்னால் முக்காலி, பின்னால் நான். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வருவார். ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

"இன்னாம்மே, அவனவன் பொண்ணு மாப்பிள்ளைய போட்டோ புடிக்கறான். நீ செவுத்தப் புடிச்சிகினு கீறே!"

"செவுரு அசையாது நைனா. மனுசங்கதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டாங்க."

இதை நான் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கு அந்த இரண்டுமே தலைகீழாகப் போகும் என்று யார் கண்டார்கள்?

அந்த மண்டபம் ஒரு காலத்தில் வெல்ல வியாபாரி ஒருவரின் மாளிகை. பிள்ளைகள் அமெரிக்காவில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். யாரோ குத்தகைக்கு எடுத்துக் கல்யாண மண்டபமாக மாற்றியிருந்தார்கள். முன்னால் இரண்டு உருண்டைத் தூண்கள். அதன்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் போர்டிகோ. போர்டிகோவின் தளமேதான் மாடிக்குப் பால்கனி. புதிதாகப் பளீர் ரோஸ் அடித்திருந்தார்கள். முந்தின ஞாயிற்றுக்கிழமையே போய் அதை எடுத்துவிட்டேன். பெங்களூரில் உட்கார்ந்து மூன்றையும் இழைத்துப் பார்த்தால், போர்டிகோவுக்குக் கீழே என் நைனா!

"தள்ளி நில்லு நைனா" என்று சொல்லியிருந்தேன். அவர் முதல் படத்தில் இடது தூணிடம் நின்றிருக்கிறார், இரண்டாவதில் நடுவில், மூன்றாவதில் வலது தூணிடம். மூன்றையும் இழைத்ததும் அரைகுறையாகத் தெரியும் மூன்று நைனாக்கள் வரிசையாக நின்றார்கள். படம் எடுக்கும்போது எது அசைந்தாலும் இப்படித்தான் வரும். எங்களைப் போல் படம் எடுக்கிறவர்கள் வட்டாரத்தில் இதற்குப் பேய் என்றே பேர். பேய் வந்தால் படம் கெட்டது என்று அர்த்தம். போனில் சொன்னேன். "ஒரு ஆளுக்கே உங்கம்மா சோறு போட மூஞ்ச காட்றா. மூணு ஆளா பண்ணிட்டியே!" என்று சிரித்தார்.

சரி, மறுபடியும் எடுத்துவிடலாம் என்றுதான் அந்தச் சனிக்கிழமை போனேன். போனால் அங்கே கல்யாணம்! மறுநாள் விடியற்காலை முகூர்த்தம், அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை வீடு திருப்பதி. பெண் சித்தூர். வாசலில் வாழை மரம், தூணெல்லாம் சீரியல் லைட், பெங்களூரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வந்து இறங்கிய சொந்தக்காரர்களின் கார் வரிசை.

எனக்கு ஒரே குஷி. சூரியன் இறங்கி, வானம் இன்னும் நீலமாக இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதற்காகத் தவம் கிடக்கலாம். கூட்டம் இன்னும் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் முக்காலியை நட்டு, நைனாவை என் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, டக் டக் டக் என்று மூன்று படம் எடுத்தேன்.

அதற்குள் பட்டுப்புடவையில் ஒரு பெண்மணி என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார். பெண்ணின் அத்தையாம். அந்தக் கல்யாணத்தில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று அந்த நடையிலேயே தெரிந்தது.

"ஏம்மா போட்டோக்கார அம்மா, வீட்ட எடுத்துகினு கீறியே, உள்ள வந்து பொண்ண எடும்மா!"

"நான் கல்யாண போட்டோ எடுக்கறவ இல்லம்மா. கட்டடம்தான் எடுப்பேன், அதுவும் கறுப்பு வெள்ளையில."

"கறுப்பா? கல்யாணத்துலயா? ராமா ராமா! சாவு வூட்டு போட்டோவா எடுக்க வந்தே? ஆரத்தி எடுக்கறப்போ கலர்ல எடு, தெரியுதா?"

நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டார். நைனா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு எரிச்சலான எரிச்சல். கேமரா வைத்திருந்தால் கல்யாண போட்டோக்காரர்தானா?

எடுத்ததை உடனே பார்க்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். பக்கத்து டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து மூன்றையும் இழைத்தேன். நைனா இல்லை, பேய் இல்லை. ஆனால் சீரியல் லைட்டின் சிவப்பும் பச்சையும் ரோஸ் சுவரில் பட்டுக் கண்ணைக் கரித்தன. கலரை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். போர்டிகோ தளத்தின் அடிப்பக்கத்தில், நிழலுக்குள்ளே, சுவரை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. சீரியல் லைட் வயர் என்றுதான் நினைத்தேன். பெரிதாக்கினேன். வயர் இப்படியா வளைந்து நெளிந்து, ஓரமெல்லாம் பிய்ந்து போகும்? பெயிண்ட் செதில் செதிலாகக் கிளம்பி நின்றது. முந்தின வாரத்துப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். மூன்று நைனாக்களின் தலைக்கு மேலே தளம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

இரண்டு படத்துக்கும் இன்னொரு வித்தியாசமும் இருந்தது. பால்கனி ஓரத்தில், போன வாரம் இல்லாத ஒரு பெரிய பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க். கல்யாணக் கூட்டத்துக்குத் தண்ணீர் பற்றாது என்று ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் ஓடும் சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

நைனாவிடம் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றுபோனது. இரண்டு பேரும் ஓடிப்போய் மண்டபத்து மேனேஜரைப் பிடித்தோம். அவர் என்னோடு வந்து போர்டிகோவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். என்னவென்று சொல்வது! மினுக் மினுக்கென்று கண்ணில் அடிக்கும் லைட்டுக்கு மேலே வெறும் இருட்டுதான் தெரிந்தது.

"ஏமீ காதம்மா! ஒண்ணும் ஆவாது. பெயிண்ட் அடிச்சி பத்து நாள்தான் ஆவுது" என்றார்.

"அதான் சார் நானும் சொல்றேன். புது பெயிண்ட்டையே கிழிச்சிகினு வந்திருக்கு. அப்போ விரிசல் பெயிண்ட்டுக்கு அப்புறம் வந்ததுதானே?"

லேப்டாப்பைக் காட்டினேன். எப்படி எடுத்தது என்று கேட்டார். அவசரத்தில் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்: மூன்று படத்தை ஒன்றாக்கினேன் என்று.

"அதானே பாத்தேன்! மூணு போட்டோவ ஒட்டினா நடுவுல கோடு வராம இன்னா வரும்? சினிமாக்காரன் கம்ப்யூட்டர்ல மலையவே ஒடைக்கறான். கல்யாண நேரத்துல அபசகுனமா பேசாத, போம்மா."

எனக்கே ஒரு நொடி ஆட்டம் கண்டுவிட்டது. ஒரு நைனாவை மூன்றாக்கிய இதே வேலை, இல்லாத விரிசலையும் உண்டாக்கியிருக்குமோ? ஒட்டாத தனிப் படத்தைத் திறந்தேன். மூன்றில் வெளிச்சமாக எடுத்தது. வானம் வெள்ளைக் காகிதம். ஆனால் தளத்தில் அதே கோடு, அதே இடத்தில், அதே நெளிவோடு இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேனேஜர் போய்விட்டார். தூரத்தில் பேண்டு சத்தம்!

மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியுமல்லவா? மாப்பிள்ளையை மண்டபத்து வாசலில், போர்டிகோவுக்குக் கீழே நிறுத்தித்தான் ஆரத்தி எடுப்பார்கள். பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பேண்டு, குழந்தை குட்டி எல்லாம் அந்த ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கும். நான் பார்க்கப் பார்க்க, தாம்பாளத்தோடு பெண்கள் வெளியே வந்து தூணுக்கு நடுவில் நின்றுவிட்டார்கள். மேலே பால்கனியில் மல்லிகைப் பூக் கூடையோடு இளம்பெண்கள் கூட்டம். மாப்பிள்ளை தலையில் பூக் கொட்டப் போகிறார்களாம். சிரிப்பும் குதிப்பும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"விரிசல் வுட்டுக்கீது, தள்ளுங்க!" என்று நைனா கத்தினார். பேண்டு சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கேட்ட ஒருவர் "பெரியவரே, சாப்டுட்டு போங்க" என்றார். அந்த ஆத்திரத்திலும் நைனா அவரை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

அந்த நேரம் பார்த்து அத்தை என்னைப் பார்த்துக் கூவினார்: "ஏம்மா போட்டோக்கார அம்மா! எங்க நிக்கணும்னு சொல்லு, நாங்க நிக்கிறோம்!"

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் புரோகிதர் சொன்னால் கேட்க மாட்டார்கள். பெண்ணைப் பெற்றவர் கெஞ்சினாலும் கேட்க மாட்டார்கள். ஆனால் போட்டோக்காரர் "இருங்க" என்று சொன்னால், தாலி கட்டப் போகிற கைகூட அந்தரத்தில் நிற்கும். "இன்னொரு தபா" என்றால் மாலையைக் கழற்றி மறுபடியும் மாற்றுவார்கள். அப்பேர்ப்பட்ட அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் விரிசல் விரிசல் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேனே!

முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"இங்க லைட்டு சரியில்ல! மூஞ்செல்லாம் கறுப்பா வுழும்! ஆரத்தி அந்த சைடு கேட்டாண்ட! எல்லாரும் சைடு கேட்டுக்கு வாங்க!"

முகம் கறுப்பாக விழும் என்றதும் தாம்பாளம் பிடித்திருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரு சேரத் திரும்பினார்கள். மேலே பார்த்தேன்.

"பால்கனில கீறவங்க எல்லாம் கீழ வாங்க! குரூப் போட்டோ! இப்போ வராதவங்க ஆல்பத்துல இருக்க மாட்டாங்க!"

பூக்கூடையைப் போட்டது போட்டபடி, தடதடவென்று மாடிப்படியில் இறங்கின கால்களின் சத்தம்! அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மட்டும் நின்றார். தலைவாசலை விட்டுப் பக்கவாட்டில் ஆரத்தி எடுப்பது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் நைனா முன்னால் வந்தார்.

"சாமி, அது கெழக்கு பாத்த கேட்டு. தெற்கு பாத்த வாசல்ல மாப்பிள்ளைய நிக்க வெச்சா நல்லாவா இருக்கும்?"

பெரியவர் திசையைப் பார்த்தார், யோசித்தார், நடந்தார். அந்த கேட்டு நிஜமாகவே கிழக்குதான். ஆனால் அதை அதுவரைக்கும் யாரும் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

எல்லாம் சரி, ஒருவரை மறந்துவிட்டேன். உண்மையான கல்யாண போட்டோக்காரர்! தலையில் வீடியோ லைட்டைக் கட்டிக்கொண்டு, ஊர்வலத்துக்கு முன்னால், மாப்பிள்ளையைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நேராகப் போர்டிகோவுக்குள்தான் வந்துகொண்டிருந்தார், அவரைப் பார்த்தபடி மாப்பிள்ளையும். ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"யாரும்மா நீ? எவரு மீரு?" என்று இரண்டு பாஷையிலும் எரிந்து விழுந்தார்.

"அண்ணா, மேல பாருண்ணா. ஒரே ஒரு தபா பாரு!"

அவர் அண்ணாந்தார். தலையில் கட்டியிருந்த அந்த வெள்ளை லைட்டும் அவரோடு அண்ணாந்தது. முதல் தடவையாக வெறும் கண்ணுக்கே விரிசல் தெரிந்தது. விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. ஒரு ரோஸ் செதில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி இறங்கி அவர் தோளில் விழுந்தது. மனிதர் வேறு எதுவும் கேட்கவில்லை. அப்படியே திரும்பி, என் குரலையும் விழுங்கும் குரலில், "பேண்டு! ரைட்டு! ரைட்டுல திரும்பு! மாப்பிள்ள சார், இடு ரண்டி, இந்தப் பக்கம்!" என்று கத்தினார். பேண்டு திரும்பியது, கல்யாணமே திரும்பியது.

சைடு கேட்டில் ஆரத்தி அமர்க்களமாக நடந்தது. அத்தை இரண்டு தரம் சுற்றினார், ஒன்று மாப்பிள்ளைக்கு, ஒன்று என் கேமராவுக்கு. குரூப் போட்டோ என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது, எடுத்துத்தானே ஆக வேண்டும்? யாரும் வாசல் பக்கம் போய்விடாமல் நைனா கைகளை விரித்துக் காவல் நின்றார். மாப்பிள்ளையை நடுவில் நிறுத்தினேன். பால்கனிப் பெண்கள் முன்வரிசையில். முக்காலியில் கேமரா. "சிரிங்க!" பொத்தானை அழுத்தினேன்.

கேமராவில் மூன்று பட ஏற்பாட்டை நான் மாற்றவே இல்லை; ஒரு தடவை அழுத்தினால் சில நொடி இடைவெளி விட்டு அதுவே மூன்று அடிக்கும். டக் என்று ஒன்று அடித்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். இடி மாதிரி இல்லை. பாரம் ஏற்றிய லாரி ஒன்று மண்டபத்துக்குள் புகுந்த மாதிரி ஒரு அதிர்வு. காலடித் தரை நடுங்கியது. கேமரா தன் பாட்டுக்கு டக் என்று இரண்டாவதும், டக்கென்று மூன்றாவதும் அடித்து முடித்தது. மண்டபத்து முன்பக்கத்திலிருந்து ரோஸ் நிறத்தில் தூசி எழும்பி வானத்து நீலத்தை மூடியது. டேங்க் உடைந்த தண்ணீர், மல்லிகைப் பூவை அடித்துக்கொண்டு எங்கள் கால் வரைக்கும் ஓடி வந்தது. வாழை மரங்கள் இரண்டும் இடிபாட்டுக்கு அடியில் இருந்தன.

மனிதர் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அத்தை பால்கனியில் நின்றிருந்த பெண்களை விரல் நீட்டித் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் ஓவென்று அழுதார். மேனேஜர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போய் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

அதே பெரியவர்தான் மெதுவாக, கல்யாணத்துக்கு முந்தின நாள் வாசல் இடிவது நல்லதில்லையே என்று ஆரம்பித்தார். அந்த இடத்தில் ஒரு கல்யாணம் நின்றுபோயிருக்கும். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எது நல்லதில்ல? எங்க பொண்ணு அதிர்ஷ்டம், அத்தினி உசுரும் பொழச்சிக்கீது! உங்க புள்ள கெழக்கு பாத்த வாசல்ல ஆரத்தி வாங்கிகினான். இதுக்கு மேல இன்னா சகுனம் வேணும் உங்களுக்கு?"

பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை பலமாகத் தலையாட்டினார். மறுநாள் பக்கத்துக் கோயிலில் முகூர்த்தம் நடந்தது. முன்வரிசையில் எனக்கும் நைனாவுக்கும் நாற்காலி. நைனா மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டார்.

பெங்களூர் போனதும் அந்தக் குரூப் போட்டோ மூன்றையும் வரிசையாகத் திறந்தேன். முதலாவதில் எல்லோரும் சிரிக்கிறார்கள். இரண்டாவதில் எல்லாத் தலையும் சத்தம் வந்த பக்கம் திரும்பியிருக்கிறது. மூன்றாவதில் ஒருவரை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டு சிதறுகிறார்கள், அத்தை இரண்டு கையாலும் முன்வரிசைப் பெண்களை வாரி அணைத்திருக்கிறார். மூன்றையும் இழைத்துக் கலரை எடுத்தேன். படம் முழுக்கப் பேய்! ஒவ்வொருவருக்கும் மூன்று முகம், ஆறு கை. பாடப் புத்தகப்படி பார்த்தால் நான் எடுத்ததிலேயே படுமோசமான படம்.

ஒரு பிரதி போட்டுத் திருப்பதிக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தையும் வந்திருந்தார். கறுப்பு வெள்ளை என்று தயங்கித் தயங்கித்தான் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். தானே ஆணி கேட்டு வாங்கி, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

இப்போதும் நான் கட்டடங்களைத்தான் எடுக்கிறேன். நடுவில் யாராவது குறுக்கே நடந்து படத்தில் பேய் விழுந்தால் முன்பெல்லாம் பல்லைக் கடிப்பேன். இப்போது கடிப்பதில்லை, அழிப்பதும் இல்லை. அசைந்தால்தானே படத்தில் பேய் விழும், உயிரோடு இருந்தால்தானே அசைய முடியும்!